கொஞ்சம் இருங்க

ஊருக்கெல்லாம் இருக்கை கொடுப்பது என் பிழைப்பு. திருச்சியில் ரயில் முன்பதிவுக் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஜன்னலோரம் கேட்டுக் கெஞ்சுபவர்களையும் கீழ்ப் படுக்கை கேட்டு மிரட்டுபவர்களையும் பார்த்தே பாதித் தலை நரைத்துவிட்டது. ஓர் எண் ஒருவர் பெயருக்கு அச்சாகிவிட்டால் அது அவருக்குத்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. என் வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

கண்டிக்குப் போனதும் ஓர் இருக்கைக்காகத்தான். என் தங்கை மல்லிகா அங்கே வாழ்க்கைப்பட்டுப் பன்னிரண்டு வருடமாகிறது. மாப்பிள்ளை ரவி மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இப்போது கண்டி டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். அவர்களுடைய சின்ன மகள் தர்ஷிக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எங்கள் வீட்டில் தாய்மாமன் என்று நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

மூத்தவள் லக்ஷிக்குக் குத்தியபோது கொரோனா, விமானமே ஓடவில்லை. ரவியின் அண்ணன் சிவலிங்கம் மடி கொடுத்தார். அது அன்றோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால், “பொறந்த வீட்டுல ஆளில்லாத பொண்ணு, பாவம்” என்று சிவலிங்கத்தின் மனைவி ஆரம்பித்துவிடுவாராம். பாவம் என்ற சொல்லை வைத்து இவ்வளவு ஆழமாகக் குத்த முடியும் என்பது மல்லிகா சொல்லித்தான் எனக்குத் தெரியும். “அண்ணே, சீரு, தட்டு ஒண்ணும் வேணாம். இந்தத் தடவ நீங்க வந்தா போதும்” என்று போனில் சொன்னாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கொழும்பு விமானத்தில் என் எண் 14A, ஜன்னலோரம். போய்ப் பார்த்தால் வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் அதில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பாதி எழுந்து, “இது ஒங்கட சீட்டா மகன்?” என்று கேட்டார். கேட்ட விதம் மரியாதையாகத்தான் இருந்தது. என் போர்டிங் பாஸ் எங்கேயோ பைக்குள் போயிருந்தது. பின்னால் வரிசை முட்டிக்கொண்டு நின்றது. தேடிக்கொண்டே, “கொஞ்சம் இருங்க” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஜஸாகல்லாஹ் மகன், அல்லாஹ் ஒங்களுக்கு நல்லத தரட்டும்” என்று சொல்லி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, ஒரு காலை ஜன்னல் பக்கம் நீட்டிவிட்டார். நான் பாஸைக் கண்டுபிடித்து எடுத்து நீட்டும்போது மனிதர் கண்ணையே மூடியிருந்தார்.

“ஐயா, இது என் சீட்டு.”

கண்ணைத் திறந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இப்பதானே இரிங்கண்டு சென்னீங்க?”

“இருங்கன்னு சொன்னேன். அதுக்காக?”

“அதுக்காகத்தான் இரிந்தன்” என்றார் பெரியவர்.

குடிபோதையும் இல்லை, குதர்க்கமும் இல்லை, முகம் தெளிவாக இருக்கிறது. பேச்சு மட்டும் விளங்கவில்லை. கால் மடக்க முடியாது, இந்தப் பக்கம் சாய்த்து வைத்தால் நோவு குறையும் என்றார். அவருடைய எண் 14C, நடைவழி ஓரம். அங்கேயும் கால் நீட்டலாமே என்றேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் இடிப்பார்கள் என்றார். நான் பொத்தானை அழுத்தியதில் பணிப்பெண் வந்துவிட்டாள். இரண்டு பாஸையும் வாங்கிப் பார்த்து, தொழில்முறைச் சிரிப்போடு, “சார், உங்களுக்கு ஓகேன்னா...” என்று என்னிடம் இழுத்தாள். எனக்கு ஓகே இல்லை.

சுற்றியிருந்தவர்களுக்கு வேறு வேலை இல்லை. “வயசானவரு, விட்டுக் குடுத்தா என்ன?” என்று பின்வரிசைப் பெண்மணி ஒருவர் சொன்னார். அவர் மடியில் பையும் பக்கத்து இருக்கையில் பையுமாக உட்கார்ந்திருந்தார். அடுத்தவன் இருக்கையை விட்டுக்கொடுப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. என் கவுண்டரிலும் தினமும் பார்க்கிறேன். கீழ்ப் படுக்கையைத் தியாகம் செய்யச் சொல்லி ஊருக்கு உபதேசம் செய்கிறவர் எப்போதும் கீழ்ப் படுக்கைக்காரராகத்தான் இருப்பார்.

பெரியவர் சட்டென்று எழுந்துவிட்டார். “வேணாம் மகள், நான் எழும்புறன்” என்று பணிப்பெண்ணிடம் சொல்லி, இருக்கையைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து 14Cக்குப் போனார். நடுவில் இருந்த பையன் காதில் எதையோ செருகிக்கொண்டு கண்ணை மூடினான். நான் ஜெயித்த இருக்கையில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் விமானத்தின் இறக்கைதான் தெரிந்தது. கடல் வந்ததும் போனதும் தெரியவில்லை. கொடுத்த சாண்ட்விச்சைக் கூடத் தலை குனிந்தே தின்றேன்.

சக்கரம் தரையைத் தொட்டதும் வழக்கம்போல் எல்லாரும் எழுந்து நின்றார்கள். இவ்வளவு நேரம் இருக்கைக்கு அடித்துக்கொள்ளும் நம் ஜனம், இறங்கச் சொல்வதற்கு முன்பே அதைத் தூக்கி எறிந்துவிட்டு நடைவழியில் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டி நிற்பது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெரியவர் போகும்போது என் பக்கம் குனிந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “பொறகு எழுப்புறண்டா ஒருத்தரையும் இரிங்கண்டு செல்லாதீங்க மகன். மனசு நோகும்” என்றார். நான் தலையாட்டி வைத்தேன்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து கண்டிக்கு ரயில். என் எண்ணில் யாரும் இல்லை, அதுவே பெரிய ஆச்சரியம். எனக்கு எதிர் வரிசையில் பதிவு செய்திருந்த வெளிநாட்டு ஜோடி, இருக்கையைக் காலியாக விட்டுவிட்டு வாசலில் கால் தொங்கப்போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலி இருக்கைகளுக்குப் பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் கம்பியைப் பிடித்து நின்றாள். உட்காரச் சொன்னேன். சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பக்கத்திலிருந்தவர் தமிழில் சொன்னார்: “அது ரிசர்வ் பண்ணின சீட்டாம். சீட்டுக்காரங்க வந்தா வெக்கமாம்.” என் இருக்கையை அவளுக்குக் கொடுத்தேன். விமானத்தில் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு நினைப்பு வந்தது, மறைப்பானேன்.

கடுகண்ணாவையில் எஞ்சினுக்கு என்னவோ ஆகி ரயில் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் என்றால் இந்நேரம் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் படையெடுத்திருப்பார்கள். இங்கே எல்லாரும் இறங்கி, மழைத் தூறலில் நின்று வடை தின்றார்கள். யாரோ ஒரு பிள்ளையின் கணக்குத் தாளில் சுற்றிய வடை, மேலே முழு இறால், நாக்கைச் சுடும் காரம். நின்றுகொண்டே தின்றாலும் அந்தப் பயணத்தில் நிம்மதியாகத் தின்றது அதுதான்.

கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் மல்லிகா வீட்டு வாசலிலேயே நின்றாள். இளைத்திருந்தாள். உள்ளே கூட்டிப்போய், “இருங்கண்ணே” என்றாள். நாற்காலியில் துணிக்குவியல் கிடந்தது. எடுப்பாள் போல என்று நின்றேன். அவள் துணியை எடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய், தேநீரோடு வந்து பார்த்தால் நான் அப்படியே பையோடு நிற்கிறேன்.

“ஏன்ண்ணே நிக்கிறீங்க? இருங்கன்னு சொன்னேன்ல?”

“அதான் இருக்கேனே.”

இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ அண்ணே, இங்க இருங்கன்னா ஒக்காருங்கன்னு அர்த்தம். தோட்டத்துப் பக்கம் நம்மள மாதிரிதான் பேசுவாங்க. இங்க அக்கம்பக்கம் எல்லாம் முஸ்லிம் ஆளுங்க, இரிங்க இரிங்கன்னு அவங்க சொல்லிச் சொல்லி எனக்கும் அதுவே வந்துருச்சு.” அவள் வேலை பார்ப்பது பாலர் பாடசாலையில். பிள்ளைகளை இருங்க, இருங்க என்று சொல்லி உட்கார வைப்பதுதான் பாதி நாள் வேலையாம்.

14A பெரியவர் கண்ணை மூடிச் சாய்ந்த முகம் ஞாபகம் வந்தது. நான் இருக்கையைக் கொடுத்து, ஆசீர்வாதமும் வாங்கி, பிறகு ஆளைக் கூப்பிட்டு எழுப்பியிருக்கிறேன். மல்லிகாவிடம் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். “பாவம்ண்ணே அவரு” என்றாள். இரவு இடியாப்பமும் சொதியும் கட்டச் சம்பலும் வைத்தாள். உறைத்ததில் கண்ணில் நீர் வந்தது. ரவி, “மச்சானுக்கு எங்க ஊரு ஒத்துக்கல” என்றார்.

மறுநாள் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை எடுக்கக் கண்டி டவுனுக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். கூட்டம் நெருக்கித் தள்ளியது. ஆனால் கதவுக்குப் பக்கத்து முன்னிருக்கை காலி. பஸ் முழுக்க மடையர்கள் போல என்று எண்ணி உட்கார்ந்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டி இளம் பிக்கு ஒருவர் ஏறினார். கண்டக்டர் என் தோளைத் தட்டி, மேலே எழுதியிருந்ததைக் காட்டினார். மதகுருமாருக்கு ஒதுக்கியதாம். எழுந்தேன். யாரும் யாரோடும் வாதாடவில்லை, பாஸ் கேட்கவில்லை, பணிப்பெண் வரவில்லை. பிக்கு உட்கார்ந்து செல்போனை எடுத்தார். ஒரு வாரத்துக்குள் நான் எத்தனை பேரை எழுப்புவது, எத்தனை பேர் என்னை எழுப்புவது என்று அலுப்பாக இருந்தது.

அடுத்த நாள் காலை வேனில் மடுல்கெல்லவுக்குப் போனோம். தேயிலை மலை பூராவும் மேகம் இறங்கியிருந்தது. அழகுதான். ஆனால் அந்த அழகுக்கு நடுவில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து அறைகளின் தகரக் கூரைமேல் பறக்காமலிருக்கக் கல் வைத்திருப்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வழியெல்லாம் மல்லிகா என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: “ஆசாரி வந்ததும் பலகையப் போடுவாங்க. நீங்கதான் மொதல்ல போகணும். பெரிய மச்சான் சும்மாவே முந்திக்கிற ஆளு.” அவள் சொன்ன பெரிய மச்சான், சிவலிங்கம்தான்.

சிவலிங்கம் தோட்டத்து அம்மன் கோயிலுக்கு எங்களுக்கு முன்பே வந்திருந்தார். பட்டு வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. “வாங்க வாங்க, மாமன் வந்தாச்சு, இனி என்ன” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்து, “பரவால்ல, மல்லிகாவுக்கும் ஆளு இருக்கு” என்றார். அன்றைக்கு மல்லிகா நடந்த நடையே வேறு. அதை நான் பார்த்தேன்.

தர்ஷிக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியாயிற்று. பிள்ளை அலறிய அலறலில் மேளக்காரரே கொஞ்சம் அடக்கி வாசித்தார். ஆசாரி ஊசியையும் தோட்டையும் தட்டில் வைத்தார். அம்மன் சந்நிதிக்கு நேரே பலகை விழுந்தது. நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனேன். பலகைக்கு முன் நின்று, ஒரு மரியாதைக்குத் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் துள்ளும் பிள்ளையை இரண்டு கையாலும் பிடிக்க முடியாமல் தலை குனிந்தபடி கத்தினாள்: “இருங்கண்ணே, இருங்க!”

நான் நின்றேன்.

பிள்ளைக்கு மூச்சு வாங்க நேரம் கேட்கிறாள், பால் கொடுக்கப் போகிறாள், பூசாரி ஏதோ சொல்லியிருக்கிறார். இப்படித்தான் தோன்றியது. இரண்டு நாள் முன்னால் அவள் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுத்த சொல் அது. ஆனாலும் பிறந்ததிலிருந்து கேட்ட காது, இரண்டு நாளில் மாறுமா? கையைக் கட்டிக்கொண்டு, வரிசையில் நிற்பவனைப் போலப் பலகைக்கு முன்னால் நின்றேன். “நேரம் போவுதுங்க” என்றார் ஆசாரி. “மாமன் கூச்சப்படுறாரு போல” என்று சொல்லிக்கொண்டே சிவலிங்கம் வந்து பலகையில் சம்மணம் போட்டார். அவர் மனைவி மல்லிகா கையிலிருந்து பிள்ளையைப் பறித்து அவர் மடியில் வைத்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. ஒரு காது. மறு காது. முடிந்தது.

மல்லிகா நிமிர்ந்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. “அது என் இடம்” என்று சிவலிங்கத்திடம் சத்தமாகவே சொன்னேன். மேளமும் நின்றுவிட்டதால் எல்லாருக்கும் கேட்டது. அவர் கோபப்படவில்லை. பிள்ளையின் காதைத் துடைத்தபடி, “பலக காலியா கெடந்துச்சு தம்பி, ஒக்காந்தேன். இதுல பேரா எழுதியிருக்கு?” என்றார். இந்த வசனத்தை என் வேலையில் ஆயிரம் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் காட்ட எனக்குப் பட்டியல் இருந்தது. இங்கே எதைக் காட்டுவது, எந்தப் பொத்தானை அழுத்தி யாரைக் கூப்பிடுவது? ஒரு மணி நேரப் பயணத்துக்கு இருக்கை எண் கொடுத்த உலகம், ஒரு பிள்ளையின் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வரும் இருக்கைக்கு எதையும் அச்சடித்துத் தரவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் சிவலிங்கத்தின் மனைவி பரிமாறிக்கொண்டே சொன்னது எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். “போன தடவ மாமன் வரல. இந்தத் தடவ வந்து வேடிக்கை பாத்தாரு.” பந்தியே சிரித்தது. நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். கோயில் பின்புறக் குழாயில் மல்லிகா தனியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏன்ண்ணே நின்னீங்க?”

“நீதான இருங்கன்னு கத்துன?”

“இருங்கன்னுதான கத்துனேன்!”

இதே பேச்சு. விமானத்தில் பெரியவர் என்னிடம் கேட்டது, அர்த்தம் கொஞ்சமும் மாறவில்லை. அவளுக்கும் அது விளங்கிவிட்டது, கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்துவிட்டாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. “லக்ஷிக்கு பிளேன் ஓடல. தர்ஷிக்கு நீங்க நின்னுட்டீங்க. இனிமே காது குத்த எனக்குப் பிள்ள இல்ல” என்றாள். குண்டானை எடுத்துத் திரும்பவும் தேய்க்க ஆரம்பித்தாள். நான் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். நிற்பதுதான் எனக்கு நன்றாக வருகிறதே.

கிளம்பும் நாள் வழியனுப்ப எல்லாருமே கண்டி பஸ் நிலையத்துக்கு வந்தார்கள். கொழும்புக்குப் போகும் தனியார் குளிர்பஸ் நின்றது. இவற்றுக்கு நேரம் காலம் கிடையாது, கடைசி இருக்கை நிரம்பினால் கிளம்பும், அவ்வளவுதான். ரவி தர்ஷியைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடையில் பிஸ்கட் வாங்கப் போயிருந்தார். நான் பையோடு பஸ் படியில் ஏறினேன். உள்ளே பார்த்தால் கடைசி வரிசையில் ஒரே ஓர் இடம் பாக்கி. கீழே நின்ற மல்லிகா திடீரென்று ஏதோ நினைத்துக்கொண்டவள் போல, “இருங்கண்ணே! இருங்க!” என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

இந்தத் தடவை நான் யோசிக்கவில்லை. ஒரு முறை பட்டது போதாதா? நேரே போய் அந்தக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன்.

கண்டக்டர் தலையை எண்ணிப் பார்த்துத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். கதவு மூடிக்கொண்டது. பஸ் வளைந்து வெளியே வரும்போதுதான் கண்ணாடி வழியே பார்த்தேன். மல்லிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். தர்ஷியை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள், யார் மடியிலோ வைக்கப் போகிறவள் மாதிரி. பிள்ளையின் காதில் தோடு மின்னியது. நான் எழுந்து கத்தினேன். நடைவழியில் மடக்கு இருக்கை போட்டு ஆட்களை அடைத்திருந்தார்கள், ஒரு காலைக்கூட எடுத்து வைக்க முடியவில்லை. “உட்காருங்க ஐயா” என்று கண்டக்டர் சிங்களத்தில் அதட்டியது சொல் தெரியாமலே எனக்கு விளங்கியது.

பேராதெனியப் பாலம் தாண்டும்போது போன் வந்தது. மூச்சிரைக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு மல்லிகா சொன்னாள்:

“இந்தத் தடவ நான் நம்ம ஊரு இருங்க சொன்னேன்ண்ணே.”

நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. பின்னால் தர்ஷி எதற்கோ சிணுங்குவது கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் சாமான் வைக்க இடமில்லாததால் கொழும்பு வரைக்கும் பை என் மடியில்தான் இருந்தது.